எக்ஸ்போஸ் வரலாற கேம்ல திரும்ப ஓட்டறப்போ எங்கெங்க புட்டுக்கும், எங்க போய் பாக்கணும்

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்ங்கற கம்ப்யூட்டர் கேம்ல (டீம நடத்தறது நாம, ஆட்டத்த கேமே ஓட்டிடும்) மாண்ட்ரியல் எக்ஸ்போஸ்ங்கற பழைய கனடா பேஸ்பால் டீம 1969லேர்ந்து 2004 வரைக்கும் ஓட்டறது எனக்கு ஒரு கிறுக்கு. இதுவரைக்கும் ஒன்பது தடவ ஆரம்பிச்சிருக்கேன், உருப்படியா முடிச்சது மூணு தான், மிச்ச ஆறும் நடுவுல எங்கயோ கெட்டுப்போய் தூக்கிப் போட்டது. என்னப் பாத்து ஆரம்பிச்ச நாலஞ்சு பசங்க இப்ப அதே பள்ளத்துல அதே மாதிரி விழுந்துட்டு ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணே, கார்ட்டர காணோம்"னு மெசேஜ் போடறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு.

ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். பத்துல ஒன்பது தடவ கேம்ல தப்பு இருக்காது, நாம போட்ட ரெண்டு செட்டிங் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டிட்டு இருக்கும். எந்த ஆளு எந்த டீமுக்கு வரணும், அவன் எவ்ளோ நல்லா ஆடணும், எப்ப ட்ரேட் ஆகணும் (டீமுக்கு டீம் கைமாறணும்), அந்த வருஷம் லீக்ல ரன் எவ்ளோ விழணும், இந்த நாலுக்கும் நாலு தனி சுவிட்ச். "வரலாறு அப்படியே வரணும்"னு ஒரே சுவிட்ச் கெடையாது. மெனு பேரு வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், அதனால அது என்ன வேல செய்யுதுன்னு மட்டும் சொல்றேன், உங்க கேம்ல தேடிக்குங்க.

அப்புறம், கீழ சொல்ற எதையும் தொடறதுக்கு முன்னாடி சேவ் ஃபோல்டர அப்படியே காப்பி எடுத்து "1974 அக்டோபர்" மாதிரி பேரு வெச்சு வேற எடத்துல போடுங்க. கமிஷனர் மோட் (எந்த டீமயும் எந்த ஆளயும் நீங்களே கையால மாத்தற வசதி) ஆன் பண்ணி வெச்சுக்குங்க. அது ஏமாத்து வேலன்னு நெனைக்கறவங்க இத மேற்கொண்டு படிச்சு பிரயோஜனம் இல்ல, முக்கால்வாசி ரிப்பேர் அது வழியா தான்.

"டீம்ல ஒருத்தனையும் தெரியலயே"

1969 ஏப்ரல்ல ரோஸ்டர (டீம்ல இருக்கறவங்க லிஸ்ட்ட) தொறந்தா ரஸ்டி ஸ்டாப், மோரி வில்ஸ், மேனி மோட்டா, மேக் ஜோன்ஸ், பிட்சர்ல (பந்து போடறவங்கள்ல) பில் ஸ்டோன்மன் இருக்கணும். இந்த அஞ்சு பேர தேடுங்க.

அஞ்சு பேரும் இல்ல, ஆனா மத்த பேரெல்லாம் நெஜ ஆளுங்க பேரு தான்: லீக் உருவாக்கறப்போ "எல்லா டீமும் புதுசா டிராஃப்ட் பண்ணட்டும்"ங்கற (முறை வெச்சு ஆள் எடுக்கறது தான் டிராஃப்ட்) பாக்ஸ தெரியாம டிக் பண்ணிருக்கீங்க. ஆடின ஆட்டம் ஒண்ணும் இல்லல்ல, டெலீட் பண்ணிட்டு திரும்ப ஆரம்பிங்க, பத்து நிமிஷ வேல.

ஒண்ணு ரெண்டு பேரு இருக்காங்க, மிச்சம் வேற வேற ஆளு: நீங்க 1968ல ஆரம்பிச்சு, எக்ஸ்பேன்ஷன் டிராஃப்ட (புது டீமுங்க பழைய டீம்லேர்ந்து ஆள் எடுக்கறத) கேமே நடத்திருக்கு. நெஜத்துல அது 1968 அக்டோபர்ல நடந்துச்சு, எக்ஸ்போஸ் மொத ஆளா எடுத்தது மோட்டாவ. கேம் அத புதுசா தான் நடத்தும், அது யார எடுக்கும்னு நீங்களும் நானும் சொல்ல முடியாது. நெஜ ஆளுங்க தான் வேணும்னா 1969 ஓப்பனிங் டேலேர்ந்து ஆரம்பிங்க. என்னக் கேட்டா 1968ல ஆரம்பிக்கறது தான் சுவாரஸ்யம், ஆனா அப்புறம் "ஸ்டாப் எங்க"ன்னு கேக்கக் கூடாது.

பேரெல்லாமே கற்பனப் பேரு: ஹிஸ்டாரிக்கல் லீக்குக்கு பதிலா ஃபிக்ஷனல் லீக் போட்டிருக்கீங்க. மேஜர்ல (மேல் லீக்) சரியா இருந்து மைனர் லீக்ல (ஆளுங்க பழகற கீழ் லீக்) மட்டும் அப்படின்னா அது பிழை இல்ல, ஆள் பத்தாதப்போ கேம் நிரப்பற ஆளுங்க அவங்க, விட்டுடுங்க.

இங்க ஒரு பொய் அலாரமும் இருக்கு. டான் கிளெண்டனன் மாண்ட்ரியல்ல நிக்கறாரேன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. நின்னா சரி தான். ஸ்டாப வாங்க ஹூஸ்டனுக்கு குடுத்ததே அவரையும் ஜீசஸ் ஆலூவையும் தான், கிளெண்டனன் "நான் ஹூஸ்டனுக்கு போகமாட்டேன், ரிட்டயர் ஆகறேன்"னு உக்காந்துட்டாரு, கமிஷனர் பூவி கூன் ட்ரேட கேன்சல் பண்ணாம வேற ஆள குடுத்து சரிக்கட்ட சொன்னாரு, கடைசில இவரு மாண்ட்ரியல்லயே ஆடி ஜூன்ல நியூயார்க் மெட்ஸுக்கு போயி அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸ்ல (சீசனோட ஃபைனல்) எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஆயிட்டாரு. கேம்ல இத விட விசித்திரமா ஒண்ணு நடந்தா மட்டும் எனக்கு மெசேஜ் போடுங்க.

"கார்ட்டர காணோம்"

அதிகமா வர்ற கேள்வி இது தான். கேரி கார்ட்டர், ஆண்ட்ரே டாசன், டிம் ரெய்ன்ஸ், இந்த மூணுல ஒருத்தரயாவது எல்லாரும் தொலைப்பாங்க.

மொதல்ல வருஷத்தப் பாருங்க. கார்ட்டர எக்ஸ்போஸ் டிராஃப்ட் பண்ணது 1972ல, ஆனா மேஜர்ல மொத ஆட்டம் 1974 செப்டம்பர்ல. மைனர் லீக் இல்லாம ஓட்டினா, ஆளு மேஜர்ல ஆடின வருஷத்துல தான் கேம்ல தலையக் காட்டுவாரு. டாசனுக்கு 1976, ரெய்ன்ஸுக்கு 1979. 1973ல உக்காந்துட்டு கார்ட்டர தேடினா இருக்க மாட்டாரு, ஒரு வருஷம் பொறுங்க, அவ்ளோ தான்.

வருஷம் தாண்டியும் இல்லன்னா, ப்ளேயர் தேடற பக்கத்துல எல்லா டீமையும் சேத்து பேரப் போட்டு தேடுங்க.

வேற டீம்ல இருக்காரு: ரூக்கி (புதுமுக) ஆளுங்க எப்படி வரணும்ங்கற செட்டிங் டிராஃப்ட்ல இருக்கு. அப்படி இருந்தா அந்த வருஷத்து புது ஆளுங்க எல்லாரும் ஒரே குட்டைல விழுவாங்க, யாரு மொதல்ல வலை போடறாங்களோ அவங்களுக்கு. "நெஜ டீமுக்கே போகட்டும்"ங்கற மாதிரி மாத்துங்க, ஆனா அது இனிமே வர்றவங்களுக்கு தான் பலிக்கும், ஏற்கனவே போனவர் தானா திரும்ப மாட்டாரு. கமிஷனர் மோட்ல போயி ஆள கையால உங்க டீமுக்கு நகத்தணும். சீசன் நடுவுல நகத்தாதீங்க, அக்டோபர் முடிஞ்சு பண்ணுங்க, இல்லன்னா அந்த டீமோட லைன்அப்ல ஓட்ட விழுந்து கேட்சர் (பிட்சர் போடற பந்த புடிக்கறவர்) எடத்துல எவனாவது அவுட்ஃபீல்டர் நிப்பான்.

எங்கயும் இல்ல: டிராஃப்ட்ல யாருமே எடுக்காம ஃப்ரீ ஏஜென்ட்டா (எந்த டீமுக்கும் சொந்தமில்லாம) கெடக்கறாரான்னு பாருங்க, ரிட்டயர் ஆன லிஸ்ட்டயும் பாருங்க. அங்கயும் இல்லன்னா அந்த வருஷம் ரூக்கி இம்போர்ட்டே (புது ஆளுங்கள கேம் உள்ள கொண்டு வர்ற வேல) ஓடல. சீசன் மாறறதுக்கு முன்னாடி எடுத்த காப்பிக்கு போயி இம்போர்ட் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு திரும்ப ஓட்டுங்க. காப்பி இல்லன்னா ஆள ஒவ்வொருத்தரா கையால கொண்டு வரணும், அது ஒரு சாயங்காலத்தயே தின்னுடும்.

என் நாலாவது ரன்ல ரெய்ன்ஸ் சிகாகோ கப்ஸ்ல இருந்தாரு. நெஜத்துல 1981ல, ஆட்டக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணி சீசன் கொறஞ்ச வருஷத்துலயே, 88 ஆட்டத்துல 71 பேஸ் திருடின (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் புடிச்ச) ஆளு. எனக்கு எதிரா ஒரே ஆட்டத்துல நாலு ஹிட், மூணு திருட்டு, திருடினது எல்லாம் என் கார்ட்டர் கைய தாண்டி. அந்த பாக்ஸ் ஸ்கோர இன்னும் வெச்சிருக்கேன். அத நான் சரி பண்ணல, அப்படியே 1990 வரைக்கும் ஓட்டினேன், சில பிழைய திருத்தாம விட்டா தான் கத வரும்.

"எல்லாரும் 50 ஹோம் ரன் அடிக்கறாங்க" இல்லன்னா "ஒருத்தனும் அடிக்க மாட்டேங்கறான்"

மொதல்ல தேதியப் பாருங்க. ஏப்ரல் 20ம் தேதி ஒருத்தன் .450 (ஆயிரத்துக்கு 450 ஹிட்ங்கற கணக்கு) அடிச்சா அது ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு டீமும் நாப்பது ஆட்டம் தாண்டட்டும்.

அப்புறம் இது லீக் முழுக்கவா, உங்க டீம் மட்டுமான்னு பிரிங்க.

உங்க டீம் மட்டும்னா அது மைதானம். எக்ஸ்போஸ் 1976 வரைக்கும் ஜாரி பார்க், 1977லேர்ந்து ஒலிம்பிக் ஸ்டேடியம், ரெண்டுக்கும் பார்க் ஃபேக்டர் (மைதானம் ரன்ன ஏத்துதா எறக்குதாங்கற எண்ணு) வேற வேற. 1977 வந்தும் மைதானம் பேரு மாறலன்னா உங்க லீக் வரலாற தானா பின்தொடரல, அந்த ஆப்ஷன ஆன் பண்ணுங்க, இல்ல கையால பார்க்க மாத்துங்க. (ஜாரி பார்க்ல ரைட் ஃபீல்டு வேலிக்கு அந்தப்பக்கம் ஊர் நீச்சல் குளம் இருந்துச்சு, பிட்ஸ்பர்க் வில்லி ஸ்டார்ஜல் 1969ல அதுக்குள்ளயே ஒண்ண அடிச்சாரு. அந்த குளத்த கேம்ல தேடாதீங்க.)

லீக் முழுக்கன்னா, ஒரு டீம் ஒரு ஆட்டத்துக்கு சராசரி எவ்ளோ ரன் எடுக்குதுன்னு லீக் புள்ளிவிவரப் பக்கத்துல பாருங்க. நெஜத்துல 1968ல 3.42, 1969ல 4.07, 1987ல 4.72, 2000ல 5.14. இதுல 0.2 முன்னப்பின்ன இருந்தா கவலப்படாதீங்க, கேம் பகடை உருட்டுது. 1969ல 3.4னு நின்னா சந்தேகமே வேண்டாம், போன வருஷத்து எண்ணு அப்படியே ஒட்டிட்டு நிக்குது. 1968 பிட்சர்ங்களோட வருஷம், பாப் கிப்ஸன் ஈஆர்ஏ (பிட்சர் மேல விழற ரன், ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி) 1.12, அமெரிக்கன் லீக் பேட்டிங் டைட்டில .301 அடிச்சே யஸ்ட்ரெம்ஸ்கி தூக்கிட்டு போனாரு, அதுக்கப்புறம் தான் பிட்சர் நிக்கற மேட்ட 15 இன்ச்லேர்ந்து 10 இன்ச்சா கொறச்சாங்க. அந்த மாற்றம் உங்க லீக்குக்கு வந்து சேரலன்னு அர்த்தம்.

எதுலேர்ந்து எதுக்கு போகணும்னா:

தானா வருஷாவருஷம் லீக் டோட்டல் (லீக் முழுக்க ரன், ஹோம் ரன் எவ்ளோங்கற அளவு) மாறணும்ங்கற செட்டிங் ஆஃப்ல இருக்கா. ஆஃப்னா ஆன் பண்ணுங்க, முக்கால்வாசி பேருக்கு இதோட முடிஞ்சிடும்.

ஆன்ல இருந்தும் தப்புன்னா, யாரோ, அதாவது நீங்க, மாடிஃபையர்ல (அந்த அளவ ஏத்தி எறக்கற எண்ணுங்க) கைய வெச்சிருக்கீங்க. அந்த வருஷத்து டீஃபால்ட்ட திரும்ப போடுங்க. நடு சீசன்ல போட்டா பாதி சீசன் ஒரு மாதிரி பாதி வேற மாதிரி ஆயிடும், ரெக்கார்டு பக்கத்துல அது காலத்துக்கும் நிக்கும், அதனால பொறுத்து குளிர்காலத்துல போடுங்க.

அதுவும் சரியா இருந்து இன்னும் தப்புன்னா, பத்து பதினஞ்சு வருஷமா ஆளுங்களோட திறமையே லீக் முழுக்க நகந்து போயிருக்கு. அடுத்த தலைப்புக்கு போங்க. இது தான் இருக்கறதுலயே காஸ்ட்லி, சரி பண்ணாலும் ரெண்டு மூணு சீசன் ஆகும் சமநிலைக்கு வர.

"பெட்ரோ பெட்ரோ மாதிரியே இல்ல"

பெட்ரோ மார்ட்டினெஸ் 1997ல மாண்ட்ரியலுக்கு 17-8 (17 வெற்றி, 8 தோல்வி), ஈஆர்ஏ 1.90, 305 ஸ்ட்ரைக்அவுட், சை யங் (சிறந்த பிட்சர் விருது). என் அஞ்சாவது ரன்ல அதே ஆளு 25 வயசுல தோள் போயி புல்பென்ல (ஆட்ட நடுவுல எறக்கற பிட்சருங்க எடம்) உக்காந்து ஏழாவது இன்னிங்ஸ் போட்டுட்டு இருந்தாரு.

பரீட்சை சுலபம். அவரோட ரேட்டிங் எப்ப மாறுதுன்னு கவனிங்க. சீசன் முடிஞ்சு ஒரே நாள்ல லீக்ல எல்லாருக்கும் மொத்தமா மாறினா ரீகேல்க் ஓடுது, அதாவது கேம் நெஜ புள்ளிவிவரத்தப் பாத்து திறமைய திரும்ப கணக்கு போடுது. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா மாறினா டெவலப்மென்ட் இன்ஜின், அதுக்கு வரலாறு தெரியாது, அது விதிய அதுவே எழுதும். ரெண்டும் நடந்தா ரெண்டும் ஆன்ல இருக்கு, குளிர்காலத்துல ஏறும், ஜூலைல இறங்கும், திரும்ப ஏறும், பாக்கறவனுக்கு பைத்தியம் புடிக்கும்.

நெஜ பெட்ரோ வேணும்னா ரீகேல்க் மட்டும். என்ன ஆவான்னு தெரியாத பெட்ரோ வேணும்னா டெவலப்மென்ட் மட்டும். ரெண்டையும் வெச்சு ஓட்டறவங்களும் இருக்காங்க, எனக்கு ஒத்து வரல.

ரீகேல்க் மட்டும் இருந்தும் ஆளு சரியில்லன்னா, எத்தன வருஷத்த வெச்சு கணக்கு போடுதுன்னு பாருங்க. ஒரு வருஷம்னு வெச்சா நெஜத்துல அடிபட்டு பாதி வருஷம் ஆடாதவன் கேம்ல அந்த வருஷம் மண்ணு மாதிரி ஆடுவான். இன்னொரு பக்கம், நெஜத்துல நாலே நாலு ஆட்டம் ஆடி வெளுத்தவன் கேம்ல சூரப்புலி ஆகப் பாப்பான். ஹூஸ்டன்ல ஜான் பசியோரெக்னு ஒருத்தர், 1963ல ஒரே ஒரு ஆட்டம், மூணுக்கு மூணு ஹிட், ரெண்டு வாக் (தப்பான பந்துங்களால சும்மா கெடைக்கற பேஸ்), வாழ்க்கையோட ஆவரேஜ் 1.000, அதோட முதுகு போயி மேஜர் பக்கமே வரல. இந்த மாதிரி ஆளுங்களுக்கு கேம் ஏதோ கணக்குல சராசரிக்கு இழுத்து விடும், ஆனாலும் வருஷத்துக்கு ஒருத்தன் தப்பிச்சு வருவான். மூணு வருஷ ரீகேல்க் வெச்சா இது பெரும்பாலும் அடங்கிடும், நான் இப்ப அது தான் வெச்சிருக்கேன், நல்ல ஆளோட உச்ச வருஷம் கொஞ்சம் மழுங்கும், அந்த 1.90 எனக்கு 2.30 பக்கம் வந்துச்சு, பரவால்ல.

அடுத்து காயம். ரீகேல்க் போட்டா நெஜத்துல பட்ட அடி ஏற்கனவே கணக்குக்குள்ள வந்துடுது, அதுக்கு மேல கேமும் அடிச்சா ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ அடி. காயத்த கம்மில வைங்க. டாசன் முட்டி ஒலிம்பிக் ஸ்டேடியத்து டர்ஃப்ல (செயற்கைப் புல்) தேஞ்சது ஊருக்கே தெரியும், அது போதாதுன்னு கேமும் ஒரு தடவ ஒடைக்க வேண்டாம்.

கடைசியா, நல்லா ஆடிட்டு இருக்கறவன் திடீர்னு ரிட்டயர் ஆனா, வரலாறுப்படி ரிட்டயர் ஆகணும்ங்கற டிக்க பாருங்க. எடுத்துட்டா ரீகேல்க் அவனுக்கு பாக்க நெஜ புள்ளிவிவரம் இருக்காது, அதையும் யோசிச்சிட்டு எடுங்க.

"நான் விக்கவே இல்ல, ஆளு போயிட்டான்"

1984 டிசம்பர். நான் வெளில டீ போட போயிருந்தேன், கேம் தானா நாள நகத்திட்டு இருந்துச்சு. வந்து பாத்தா தேதி டிசம்பர் 14, ரோஸ்டர்ல கேட்சர் எடத்துல மைக் ஃபிட்ஸ்ஜெரால்டுனு ஒரு பேரு. நியூஸ பின்னாடி தள்ளிட்டு போனா டிசம்பர் 10, கார்ட்டர் மெட்ஸுக்கு, பதிலுக்கு ஹூபி ப்ரூக்ஸ், ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹெர்ம் வின்னிங்ஹாம், ஃபிளாய்ட் யூமன்ஸ். நெஜத்துல நடந்த அதே ட்ரேட், அதே நாலு பேரு. கடைசி காப்பி 1973. டீ ஆறிப்போச்சு.

காரணம் ஒண்ணே ஒண்ணு தான், நெஜ ட்ரேட்டெல்லாம் அந்தந்த தேதில நடக்கணும்ங்கற செட்டிங் ஆன்ல இருக்கு. நீங்க ஜிஎம்மா (ஆள வாங்கி விக்கற பொறுப்பாளரா) உக்காந்திருந்தாலும் வரலாறு உங்கள கேக்காது.

அப்பவே பாத்துட்டீங்கன்னா: கமிஷனர் மோட்ல அந்த அஞ்சு பேரையும் திரும்ப மாத்திடுங்க. ரெண்டு நிமிஷம்.

ரெண்டு சீசன் கழிச்சு பாத்தா: காப்பி இருந்தா போங்க, இல்லன்னா ஏத்துக்குங்க. அப்ப வந்து மாத்தினா யூமன்ஸ் உங்களுக்கு போட்ட இன்னிங்ஸ் எல்லாம் அந்தரத்துல நிக்கும்.

இனிமே நடக்கக் கூடாதுன்னா: ஒரு தேதிய முடிவு பண்ணுங்க, அது வரைக்கும் வரலாறு, அதுக்கப்புறம் நீங்க. நடுவுல அப்பப்ப ஆன் ஆஃப் பண்றது தான் ரொம்ப மோசம். ஏன்னு காட்டறேன். 1972 ஏப்ரல்ல எக்ஸ்போஸ் ஸ்டாப மெட்ஸுக்கு குடுத்து கென் சிங்கிள்டன், டிம் ஃபோலி, மைக் யார்கென்சன் மூணு பேர வாங்கினாங்க. 1974 டிசம்பர்ல அந்த சிங்கிள்டனையும் மைக் டோரெஸையும் பால்டிமோருக்கு குடுத்து டேவ் மெக்நாலிய வாங்கினாங்க. நீங்க 1972ல ஸ்டாப விட மனசில்லாம வெச்சுக்கிட்டீங்கன்னா சிங்கிள்டன் உங்ககிட்ட வரவே மாட்டாரு, 1974ல அந்த ட்ரேட் வர்றப்போ குடுக்க ஆள் இல்ல, பாதி நடக்கும் இல்ல நடக்கவே நடக்காது, டோரெஸ் நிலைம என்னன்னு லாக பாத்தா தான் தெரியும். ஒரு கண்ணிய அறுத்தா அதுக்கப்புறம் உள்ளதெல்லாம் தொங்கும். (சிங்கிள்டனுக்கு மெக்நாலி வாங்கினது வயித்தெரிச்சல் ட்ரேட், அறுந்தா நல்லது தான், அது வேற விஷயம்.)

இதுக்கு தலைகீழா ஒண்ணு இருக்கு: "வரவேண்டியவன் வரல." 1993 நவம்பர்ல பெட்ரோ டாட்ஜர்ஸ்லேர்ந்து வந்தது டெலினோ டிஷீல்ட்ஸுக்கு பதிலா. டிஷீல்ட்ஸ நீங்க 1992லயே வித்திருந்தா பெட்ரோவ எதிர்பாக்காதீங்க. நெஜ ட்ரேட் ஆன்ல இருக்கறப்போ மத்த டீமுங்க தங்களுக்குள்ள சொந்தமா ட்ரேட் பண்ற அளவையும் கீழ எறக்கிடுங்க, இல்லன்னா பெட்ரோவ டாட்ஜர்ஸே அதுக்கு முன்னாடி எவனுக்காவது தள்ளி விட்டிருப்பாங்க.

1989 மே மாசம் மட்டும் நான் எல்லா ரன்லயும் காப்பி எடுத்துட்டு தான் தாண்டுவேன். ராண்டி ஜான்சன சியாட்டிலுக்கு குடுத்து மார்க் லாங்ஸ்டன வாங்கின மாசம். லாங்ஸ்டன் அந்த சீசன் முடிஞ்சதும் கெளம்பிட்டாரு, ஜான்சன் அஞ்சு சை யங் வாங்கினாரு.

"1970லயே டீம் மொத்தமும் கெளம்பிடுச்சு"

ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிஞ்ச ஆளு இஷ்டப்பட்ட டீமுக்கு போற உரிமை) ரொம்ப சீக்கிரம் ஆன் ஆயிருக்கு. நெஜத்துல 1975 டிசம்பர் வரைக்கும் ரிசர்வ் கிளாஸ்ங்கற விதி, ஒரு தடவ கையெழுத்து போட்டா ஓனர் விடற வரைக்கும் அங்கயே தான். அத ஒடச்ச கேஸ்ல ரெண்டு பேரு, டாட்ஜர்ஸ் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், இன்னொருத்தர் மேல பாத்த அதே மெக்நாலி, மாண்ட்ரியல் யூனிஃபார்ம்ல அந்த ஜூன்லயே ஆட்டத்த விட்டு வீட்டுக்கு போனவரு. ஆர்பிட்ரேட்டர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பு சொன்னதுக்கப்புறம் 1976 குளிர்காலத்துல தான் மொத பெரிய சந்த.

பணம் சம்பந்தமான செட்டிங்ல போயி 1969லயே ஃப்ரீ ஏஜென்சி டிக் ஆயிருக்கான்னு பாருங்க, ஆஃப் பண்ணிட்டு ரிசர்வ் கிளாஸ் ஆன் பண்ணுங்க, 1976ல தானா மாறணும்னா வரலாற பின்தொடரற ஆப்ஷன் ஆன்ல இருக்கணும். ஆளுங்க ஏற்கனவே போயிட்டாங்கன்னா போன நவம்பர் காப்பிக்கு போறத தவிர வேற நல்ல வழி இல்ல. இருவது பேர கையால நகத்திப் பாத்திருக்கேன், சம்பளம் எல்லாம் கோணலா நின்னு அடுத்த வருஷம் பட்ஜெட் படுத்துடுச்சு. சம்பளம் எல்லாம் கோடிக்கணக்குல தெரிஞ்சா மட்டும் அது சின்ன விஷயம், பண மதிப்ப இந்தக் காலத்துக்கு வெச்சிருக்கீங்க, மாத்திக்குங்க, விளையாட்டுக்கு பாதிப்பு இல்ல.

"ஆட்டம் கொறயுது" / "ஸ்ட்ரைக் வரவே இல்ல"

உங்க டீமுக்கு அந்த சீசன் மொத்தம் எத்தன ஆட்டம்னு ஷெட்யூல எண்ணுங்க, அது போதும்.

1972ல 156 வந்தா அது சரி. அந்த வருஷமும் ஏப்ரல்ல ஸ்ட்ரைக், விட்டுப்போன ஆட்டத்த திரும்ப வெக்கல, அதனால டெட்ராய்ட் 86-70, பாஸ்டன் 85-70னு அரை ஆட்டத்துல டைட்டில் போச்சு. பாஸ்டன் ரசிகன் யாரையாவது தெரிஞ்சா கேட்டுப் பாருங்க.

1994ல 162 இருந்தா முழு ஷெட்யூல் ஏறியிருக்கு, 114 பக்கம் இருந்தா நெஜத்துல ஆடின ஷெட்யூல். எது வேணுமோ அத சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தேர்ந்தெடுங்க, ஏப்ரல் தாண்டிட்டா விட்டுடுங்க. எக்ஸ்போஸ ஓட்டறவன் 114 எடுப்பானான்னு எனக்கு புரியல. ஆகஸ்ட் 12 ஸ்ட்ரைக் ஆரம்பிச்சப்போ 74-40, பேஸ்பால்லயே பெஸ்ட் ரெக்கார்டு, ஃபெலிப் ஆலூ மேனேஜர், லாரி வாக்கர், மொய்ஸஸ் ஆலூ, மார்க்கி கிரிஸம், கென் ஹில், ஜான் வெட்டெலண்ட், கூட பெட்ரோ, அப்புறம் வேர்ல்ட் சீரிஸே இல்ல, அடுத்த ஏப்ரல்ல கிரிஸம், ஹில், வெட்டெலண்ட மூணு டீமுக்கு வித்துட்டு வாக்கர சும்மாவே போக விட்டாங்க. இந்த கேம வாங்கினதே அந்த மிச்ச 48 ஆட்டத்த ஆடிப் பாக்கத் தான்.

1981 தான் உண்மையான தலவலி. சீசன ரெண்டா வெட்டி மொத பாதி ஜெயிச்சவனும் ரெண்டாம் பாதி ஜெயிச்சவனும்னு ப்ளேஆஃப் (டைட்டிலுக்கான கடைசிச் சுத்து) வெச்சாங்க. எக்ஸ்போஸ் மொத்தம் 60-48, ரெண்டாம் பாதில 30-23, அத வெச்சு உள்ள வந்தாங்க. மொத்த ரெக்கார்டுல ஃபர்ஸ்ட்டு வந்த சின்சினாட்டி 66-42, செயின்ட் லூயிஸ் 59-43, ரெண்டும் வெளில. உங்க கேம்ல செயின்ட் லூயிஸ் உள்ள போயி நீங்க வெளில நின்னா கேம் சாதாரண கணக்குப்படி நடந்துருக்கு. கைல தான் சரி பண்ணணும்: ஆகஸ்ட் ஆரம்பத்துல ஸ்டாண்டிங்ஸ எழுதி வெச்சுட்டு, சீசன் கடைசில அதக் கழிச்சு ரெண்டாம் பாதி கணக்கு போட்டு, ப்ளேஆஃப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கமிஷனர் மோட்ல டீம மாத்தறது. ப்ளேஆஃப் ஒரு ஆட்டம் ஆடிட்டா கைய வெக்காதீங்க.

"ஒரு சீசன் ஓட அர நாள் ஆகுது" / "தொறக்கவே மாட்டேங்குது"

மெதுவா இருந்தா: டிஸ்க்ல எடம் இருக்கா, எல்லா ஆட்டத்தோட லாகும் பாக்ஸ் ஸ்கோரும் சேவ் ஆகுதா, தெனமும் ரிப்போர்ட் எழுதுதா, எத்தன மைனர் லீக் ஓடுது. இந்த வரிசைல ஒண்ணொண்ணா கொறச்சு ஒரு மாசம் ஓட்டி நேரம் பாருங்க. உங்க லீக் லாக மட்டும் வெச்சுட்டு மைனர் லாக நிறுத்தினதுலயே எனக்கு பாதி நேரம் கொறஞ்சுது. முகப் படம், லோகோ இல்லன்னா அது இதோட சம்பந்தமே இல்ல, ஃபைல் பேரு பொருந்தல, அவ்ளோ தான்.

நின்னு போச்சுன்னா, எந்த தேதில நிக்குதுன்னு எழுதுங்க. திரும்ப ஓட்டுங்க.

வேற வேற தேதில நிக்குது: மிஷின் பக்கம். சேவ் ஃபோல்டர் டாக்குமென்ட்ஸ்க்குள்ள இருக்கும், அத க்ளவுட் சிங்க் புடிச்சு இழுத்துட்டு இருக்கான்னு மொதல்ல பாருங்க, கேம் எழுதற அதே நேரம் அதுவும் கைய வெச்சா ஃபைல் கிழியும். அந்த ஃபோல்டர சிங்க்லேர்ந்து வெளில எடுங்க. ஆன்ட்டிவைரஸ்லயும் விலக்கு குடுங்க.

ஒரே தேதில நிக்குது: சேவ் பக்கம். ரெண்டு மாசம் முன்னாடி காப்பிலேர்ந்து ஓட்டுங்க. தாண்டிட்டா சந்தோஷம். அந்த பழைய காப்பியும் அதே தேதில நின்னா அதுக்கு மேல நோண்டாதீங்க, நம்ம கைக்கு அடங்காது. சேவ ஜிப் பண்ணி, லாக் ஃபைலோட, வெர்ஷன் நம்பர், நின்ன தேதி, வெளிலேர்ந்து என்னென்ன மாட் போட்டீங்கன்னு எழுதி கேம் பண்றவங்களோட சப்போர்ட்டுக்கு அனுப்புங்க. "ஓடல சார்"னு ஒரு வரி அனுப்பினா பதில் வராது.

கேம் மட்டும் இல்லாம ஃபோல்டர் காப்பி பண்றதே மணிக்கணக்கா ஆகுது, டிஸ்க்லேர்ந்து டிக் டிக்குனு சத்தம் வருதுன்னா கேம மூடுங்க. மொதல்ல சேவ பென்டிரைவ்ல எடுங்க, எடுக்க முடியலன்னா மிஷின ஆஃப் பண்ணி ரிப்பேர் கடைக்கு தூக்கிட்டு போங்க. நெட்ல கெடைக்கற டிஸ்க் சரி பண்ற சாஃப்ட்வேர எல்லாம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் போனா, கடைக்காரர் மீட்கறதுக்கும் ஒண்ணும் மிச்சம் இருக்காது. என் ரெண்டாவது ரன் அப்படி தான் போச்சு, 1983ல லீட்ல இருந்தேன்.

"டீமே ஊர விட்டு போயிடுச்சு"

2004 செப்டம்பர் 29 மாண்ட்ரியல்ல கடைசி ஹோம் ஆட்டம், 2005லேர்ந்து வாஷிங்டன் நேஷனல்ஸ். அதுக்கு முன்னாடி 2003லயும் 2004லயும் ஒவ்வொரு சீசனுக்கும் 22 ஹோம் ஆட்டத்த போர்ட்டோ ரிக்கோ சான் ஹுவான்ல வெச்சாங்க, கேம்ல அது வரலன்னா வரலன்னு விடுங்க. 1991ல ஒலிம்பிக் ஸ்டேடியத்துல 55 டன் கான்கிரீட் உத்தரம் விழுந்து மிச்ச ஹோம் ஆட்டத்த எல்லாம் வெளியூர்ல ஆடினாங்க, அதையும் கேம் கேக்காது.

ஊர் மாறக் கூடாதுன்னா வரலாற பின்தொடரற ஆப்ஷன்ல டீம் இடமாற்றத்த மட்டும் 2004 சீசன் முடியறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணணும். மொத்தமா ஆஃப் பண்ணிட்டா ரூக்கி, ஷெட்யூல், லீக் டோட்டல் எல்லாமும் நிக்கும், பாத்து.

ஏற்கனவே போயிடுச்சுன்னா பயப்படாதீங்க, கமிஷனர் மோட்ல ஊர் பேரு, டீம் பேரு, லோகோ, மைதானம் நாலயும் பழையபடி மாத்திடலாம், பத்து நிமிஷம். டீம் ஹிஸ்டரி பக்கத்துல மட்டும் அந்த ஒரு வருஷம் வாஷிங்டன்னு நிக்கும். என் ஏழாவது ரன்ல இன்னும் நிக்குது. வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச ஒரே வருஷம் அது தான்.